பனியை வரைந்த தூரிகை

நுழையும்முன்

மலையை வரைவது எளிது. மலைமீது தவழும் பனியை வரைவது அரிது. மலை நின்ற இடத்திலேயே நிற்கும். பனியோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடும். கலைந்துபோகும் ஒன்றைத் தாளில் நிலைநிறுத்தத் தம் வாழ்வின் ஒரு பகுதியைச் செலவிட்ட ஓவியர் ஒருவர் மைசூரில் வாழ்ந்தார். கன்னட மண்ணில் பிறந்த அவர், உதகையின் மூடுபனியையும் கொடைக்கானலின் முகில்களையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். ஓவியர் கே. வெங்கடப்பாவின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

1. அரண்மனை ஓவியர் குடும்பம்

இன்று மைசூரு என வழங்கும் மைசூர் நகரில், 1886 ஆம் ஆண்டு வெங்கடப்பா பிறந்தார். அவருடைய குடும்பம் வழிவழியாக ஓவியத் தொழில் செய்துவந்த குடும்பம். தந்தையும் அரண்மனை ஓவியரே. ஆதலால், எழுத்துப் பயிலும் முன்னரே அவர் கோடு பயின்றார் எனலாம்.

அக்காலத்து மைசூர் ஓவியங்களில் தெய்வங்களும் அரசர்களுமே இடம்பெற்றனர். மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, நுண்ணிய கோடுகளால் அணிகலன்களையும் ஆடை மடிப்புகளையும் வரைவது மைசூர் மரபின் சிறப்பு. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க வேலை புடைத்து நிற்கும், கற்கள் பதிக்கப்பெறும். மைசூர் ஓவியத்திலோ தங்க வேலை தாழ்ந்து, கோட்டின் நுண்மை முன்னிற்கும். இரண்டு மரபுகளிலும் மலையும் மரமும் பின்புலமாகவே அமைந்தன. இறைவன் அமர்ந்திருக்கும் இடத்தைக் காட்டுவதற்காக மலை வரும்; மலைக்காகவே மலையை வரையும் வழக்கம் அம்மரபில் இல்லை.

வெங்கடப்பா பதினோரு வயதுச் சிறுவராக இருந்தபோது, 1897 ஆம் ஆண்டு, மைசூரின் பழைய மர அரண்மனை தீக்கிரையானது. அதே இடத்தில் புதிய அரண்மனை எழத் தொடங்கியது. 1912 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்றது. கல் தச்சர், மரத் தச்சர், ஓவியர், சிற்பியர் எனக் கலைஞர் பலருக்கு அந்நகரம் வேலை தந்த காலம் அது. மைசூரை ஆண்ட நால்வடி கிருஷ்ணராஜ உடையார் கலைகளைப் பெரிதும் ஆதரித்தவர். அவர் 1884 ஆம் ஆண்டு பிறந்தவர்; ஓவியரைவிட இரண்டு வயதே மூத்தவர். இளைஞர் வெங்கடப்பாவின் திறமை அரண்மனையின் கவனத்தை ஈர்த்தது. அவரை மேற்படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்ப அரசர் உதவித்தொகை வழங்கினார்.

2. கல்கத்தாவில் கற்றதும் கல்லாததும்

1909 ஆம் ஆண்டளவில் வெங்கடப்பா கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர். கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகனான அவர், இந்திய ஓவியத்துக்குப் புதிய பாதை வகுத்தவர். மேனாட்டு எண்ணெய் வண்ண ஓவியத்தை அப்படியே பின்பற்றுவதை விடுத்து, முகலாய ஓவியம், அசந்தா ஓவியம், சப்பானிய ஓவியம் ஆகியவற்றிலிருந்து கற்று, இந்நாட்டுக்குரிய ஓவிய நடையை உருவாக்க அவர் முயன்றார்.

அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று பின்வருமாறு அமையும். தாளில் நீர்வண்ணம் தீட்டி உலரவிடுவர். பின்பு தாளை நீரில் நனைத்தெடுத்து, மீண்டும் மெல்லிய வண்ணம் பூசுவர். இவ்வாறு பலமுறை செய்யும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து, ஓவியம் முழுவதும் பனி படர்ந்தது போன்ற மென்மை தோன்றும். 1903 ஆம் ஆண்டளவில் கல்கத்தாவுக்கு வந்திருந்த சப்பானிய ஓவியர்களின் வேலையைக் கண்டபின் உருவான முறை இது. கனவு போன்ற சூழலைக் காட்ட அது மிகவும் பொருந்தியது.

வெங்கடப்பாவுடன் பயின்றவர்கள் பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர்களாயினர். நந்தலால் போஸ் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்குத் தலைமை ஏற்றார். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படிக்கு ஓவிய அணி செய்தவரும் அவரே. அசித் குமார் ஹால்தார் இலக்னோ ஓவியப் பள்ளியின் முதல்வரானார்.

மாணவராக இருந்தபோதே வெங்கடப்பாவுக்கு ஒரு நல்வாய்ப்பு கிட்டியது. நிவேதிதா அம்மையாரும், கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் இந்து, பௌத்தப் புராணக் கதைகளைத் தொகுத்து எழுதிய நூல் 1913 ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூலுக்கு ஓவியம் தீட்டிய கலைஞர்களுள் வெங்கடப்பாவும் ஒருவர். இராமாயணக் காட்சிகள் பலவற்றை அவர் வரைந்தார்.

எனினும், தம் ஆசிரியரின் எல்லா வழிகளையும் அவர் தம்வயமாக்கிக்கொள்ளவில்லை. மைசூர் மரபில் பழகிய அவருடைய கை, தெளிந்த கோட்டை விட்டுவிட விரும்பவில்லை. ஓர் இலையை வரைந்தால் அது எந்த மரத்தின் இலை என்பது தெரியவேண்டும் என்னும் நுண்மை அவருடைய வேலையில் இருந்தது. ஓவியம் முழுவதும் மென்மையான மங்கலைப் பரப்புவது கல்கத்தா ஓவியர் பலரின் வழக்கம். பனி இல்லாத இடத்திலும் அந்த மங்கல் இருந்தது. பனி உள்ள இடத்தில் மட்டும் பனியைக் காட்டுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை காண அவர் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது.

3. வீணையின் பிடியில்

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கல்கத்தாவில் பயின்றபின் வெங்கடப்பா மைசூருக்குத் திரும்பினார். உடன் பயின்றவர்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பொறுப்பேற்று மாணவர்களால் சூழப்பெற்றிருந்தபோது, அவர் தனிமையைத் தேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. துறவியைப் போன்று எளிய வாழ்வு வாழ்ந்தார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

அந்நாளில் மைசூர் அரசவையில் வீணை இசை உச்சத்தில் இருந்தது. வீணை சேஷண்ணா என்னும் மாமேதை அங்கு வாழ்ந்தார். அவரிடம் வெங்கடப்பா வீணை கற்கத் தொடங்கினார். பொழுதுபோக்காகத் தொடங்கிய பயிற்சி அன்று அது. அவரை முழுமையாக ஆட்கொண்டது. தூரிகை பிடிக்கவேண்டிய நேரத்தை வீணை எடுத்துக்கொண்டது. ஓவியமா, இசையா என்னும் போராட்டம் அவருள் நிகழ்ந்தது. இறுதியில் தம் வீணைப் பித்தையே அவர் ஓர் ஓவியமாகத் தீட்டினார்.

வீணைக்காகச் செலவிட்ட ஆண்டுகள் ஓவியத்துக்கு இழப்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால், இசை அவருக்கு ஒன்றைக் கற்பித்திருக்க வேண்டும். ஏழு சுரங்களே எல்லா இராகங்களுக்கும் அடிப்படை. அவற்றுள் எதைத் தொட வேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும், எதில் நீண்டு நிற்கவேண்டும் என்பதே ஓர் இராகத்தை மகிழ்ச்சியாகவும் மற்றொன்றை ஏக்கமாகவும் ஆக்குகிறது. காலைக்கு ஓர் இராகம், மாலைக்கு ஓர் இராகம் என்னும் மரபும் உண்டு. நிலக்காட்சி ஓவியத்தின் உயிரும் அதுவே. அதே மலை, அதே மரம், அதே நீர். ஆனால் எந்தப் பொழுதில், எந்த ஒளியில் என்பதே காண்பவர் உள்ளத்தில் எழும் உணர்வை முடிவு செய்கிறது.

4. நீலமலையின் அழைப்பு

மைசூரிலிருந்து தெற்கே நஞ்சன்கூடு, குண்டுலுபேட்டை ஆகிய ஊர்களையும் பந்திப்பூர், முதுமலைக் காடுகளையும் கடந்து சென்றால் நீலமலை தொடங்கும். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையோ 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் பயணத்தில் காற்றே மாறிவிடும். வெப்பம் தணிந்து, மழைமேகம் தலைக்கு மேல் அன்றிக் காலடியில் மிதக்கும்.

அக்காலத்தில் கருநாடகம், தமிழ்நாடு என்னும் மாநிலங்கள் இல்லை. மைசூர் ஓர் அரசு. உதகையும் கொடைக்கானலும் சென்னை மாகாணத்தில் இருந்தன. மைசூர் அரச குடும்பத்தினர் கோடையில் தங்குவதற்கு உதகையில் ஓர் அரண்மனை இருந்தது. எனவே உதகை மைசூர் மக்களுக்கு அறியாத ஊரன்று.

1920களிலும் 1930களிலும் வெங்கடப்பா உதகையிலும் கொடைக்கானலிலும் தங்கி நிலக்காட்சி ஓவியங்களைத் தீட்டினார். புராணக் கதை இல்லை; அரசர் இல்லை; அணிகலன் இல்லை. சரிந்து இறங்கும் மலைப் புல்வெளி, ஓங்கி நிற்கும் மரங்கள், ஏரி நீர், மேகம், நிலவு ஆகியவையே அவ்வோவியங்களின் தலைமை மாந்தர். தலைமுறை தலைமுறையாகத் தெய்வங்களையும் மன்னர்களையும் வரைந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர், வெறும் மலையின் முன் தூரிகையோடு அமர்ந்தது சிறிய மாற்றம் அன்று.

இம்மாற்றம் உலகின் பிற இடங்களிலும் நிகழ்ந்திருந்தது. இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஓவியர் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் வானத்தையும் மேகங்களையும் மட்டுமே பலமுறை வரைந்தார். பல ஓவியங்களின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். பிரான்சில் கிளாட் மோனே 1890, 1891 ஆம் ஆண்டுகளில் வயலில் இருந்த வைக்கோற் போர்களைக் காலை, மாலை, பனி, வெயில் என வெவ்வேறு ஒளியில் திரும்பத் திரும்பத் தீட்டினார். ஒரு பொருளை வரைவதைவிட, அப்பொருள்மீது படிந்த பொழுதை வரைவதே அவர்களின் நோக்கம். வெங்கடப்பாவின் மலைக்காட்சிகளும் அத்தகையனவே.

5. பனியைத் தாளில் பிடிப்பது எவ்வாறு?

தொலைவில் உள்ள மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? நமக்கும் மலைக்கும் இடையே காற்று உள்ளது. கதிரவன் ஒளியில் உள்ள நீல நிறத்தைக் காற்று மிகுதியாகச் சிதறச் செய்கிறது. தொலைவு மிகுந்தால் இடையில் உள்ள காற்றும் மிகும், நீலமும் மிகும். அருகில் உள்ள குன்று பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கும் அப்பால் உள்ளது வெளிர் நீலம். மூடுபனியோ வெண்மையாகத் தெரிகிறது. பனியில் உள்ள நீர்த்துளிகள் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. எல்லா நிறங்களும் சேர்ந்தால் வெண்மை.

இந்த இயற்கை விதிகளை ஓவியரின் கண் அளந்தறிகிறது. ஆனால் அறிந்ததைத் தாளில் காட்டுவதற்கு நீர்வண்ணம் ஒரு கடுமையான கருவி. தூய நீர்வண்ண முறையில் வெள்ளை நிறம் பூசுவதில்லை. தாளின் வெண்மையே வெள்ளை. பனி இருக்கவேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவைக்கவேண்டும். எங்குப் பூசவேண்டும் என்பதைவிட, எங்குப் பூசக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும். பனியின் ஓரம் கூர்மையாக இருந்தால் அது துணி போலாகிவிடும். ஆகவே, தாள் ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை வைத்து, அது தானே பரவி மறையுமாறு விடவேண்டும். ஈரம் மிகுந்தால் வண்ணம் எல்லை மீறும். குறைந்தால் கறை படியும். ஒருமுறை தவறினால் அழித்து எழுத இயலாது.

நிலவொளி இன்னும் கடினமானது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெளிவாகத் தெரியாது. நிலவில் நிற்கும் மரத்தைக் காணலாம். கையில் உள்ள வண்ணம் எது என்று காண இயலாது. எனவே, இரவில் நெடுநேரம் பார்த்து, அந்த ஒளியை நெஞ்சில் பதித்து, பகலில் வரையவேண்டும். நிலவொளிக் காட்சியைத் தீட்டுபவருக்குக் கண்ணைப் போலவே நினைவும் கூர்மையாக இருக்கவேண்டும். வெங்கடப்பா உதகையின் நிலவொளியையும் தம் ஓவியப் பொருளாக்கினார்.

அவருடைய மலைக்காட்சிகள் பெரும்பாலும் சிறிய அளவினவே. ஆயினும், அவற்றில் கிளையும் இலையும் நுண்மையாக அமைந்திருக்கும். அந்தத் தெளிவான மரத்துக்குப் பின்னே பனி எழும்போது, பனி உண்மையான பனியாகத் தோன்றும். ஓவியம் முழுவதும் மங்கலாக இருந்தால் காண்பவருக்கு எது பனி, எது மலை என்று தெரியாது. தெளிவு இருந்தால்தான் மங்கல் பொருள் பெறும். கல்கத்தாவில் எழுந்த வினாவுக்கு மலையின்மீது விடை கிடைத்தது. உணர்வைத் தரும் சூழல் என்பது தெளிவின்மையிலிருந்து பிறப்பதன்று; மிகுந்த துல்லியத்திலிருந்து பிறப்பது.

6. நிலமும் பொழுதும்

நிலக்காட்சிக்கும் மனித உணர்வுக்கும் உள்ள தொடர்பு தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. கார்காலமும் மாலையும் அதற்குரிய பொழுதுகள். காத்திருத்தல் அதற்குரிய உணர்வு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். கதிரவன் சாயும் எற்பாடு அதன் சிறுபொழுது. இரங்கல் அதன் உணர்வு. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. கூதிரும் முன்பனியும் அதற்குரிய பெரும்பொழுதுகள். நள்ளிரவாகிய யாமம் அதன் சிறுபொழுது.

சங்கப் புலவர் மலையை மட்டும் பாடவில்லை. மலையையும் அதன்மேல் நிற்கும் பொழுதையும் சேர்த்தே பாடினர். தலைவியின் துயரை நேரே கூறாமல், மாலை இருளையும் மழை ஓசையையும் கூறினாலே கேட்பவர் துயரை உணர்வர். வெங்கடப்பாவின் ஓவியங்களில் ஏங்கும் முகம் இல்லை; கண்ணீர் இல்லை. பனியும் நிலவும் அமைதியான நீருமே அந்த வேலையைச் செய்கின்றன. குறிஞ்சிக்குரிய பனியையும் யாமத்தையும், குறிஞ்சி மலர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அதே மலைகளில் இருந்து, ஒரு கன்னட ஓவியர் வண்ணத்தால் எழுதினார்.

7. அரசர் மறைந்தபின்

மைசூர் அரண்மனைக்காக வெங்கடப்பா சாந்தில் புடைப்புச் சிற்பங்களும் உருவாக்கினார். எதைச் செய்தாலும் அவசரம் காட்டமாட்டார்; அரைகுறையாக விடவும் மாட்டார். அத்தகைய கலைஞரைப் பொறுமையோடு ஆதரிக்க, கலையின் அருமை அறிந்த ஒருவர் வேண்டும். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அத்தகையவராக இருந்தார்.

1940 ஆம் ஆண்டு அரசர் காலமானார். அதன்பின் அரண்மனை வேலை தொடர்பாகக் கருத்து வேறுபாடு எழுந்தது. அது வழக்காக நீதிமன்றம் வரை சென்றது. கலைஞர் ஒருவர் தம் உழைப்பின் மதிப்புக்காக அரண்மனையை எதிர்த்து நிற்பது அந்நாளில் அரிய செயல். வெங்கடப்பா பிறந்து வளர்ந்த மைசூரை விட்டுப் பெங்களூரில் குடியேறினார்.

பெங்களூரிலும் அவர் தனிமையிலேயே வாழ்ந்தார். புகழைத் தேடிச் செல்லவில்லை. தமக்குப் பின் மாணவர் பரம்பரை ஒன்றையும் உருவாக்கவில்லை. நந்தலால் போஸின் பெயரை இந்தியா முழுவதும் அறிந்தது. உடன் பயின்ற வெங்கடப்பாவின் பெயரைத் தென்னாட்டுக்கு வெளியே அறிந்தோர் சிலரே. வளைந்து கொடுக்காத இயல்பு அவருடைய ஓவியத்துக்கு உரமாக அமைந்தது. அதே இயல்பு அவருடைய வாழ்வைத் தனிமையாக்கியது. 1965 ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார்.

8. கலையாத பனி

வெங்கடப்பாவின் மறைவுக்குப் பின், பெங்களூர் கஸ்தூரிபா சாலையில், அரசு அருங்காட்சியகத்துக்கு அருகில் அவர் பெயரால் ஓவியக்கூடம் ஒன்று அமைக்கப்பெற்றது. 1970களில் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்றது. அவருடைய ஓவியங்களும் சிற்பங்களும் அங்கு இடம்பெற்றன.

அவர் கண்ட உதகை இன்று இல்லை. 1820களில் ஜான் சல்லிவன் அமைத்த ஏரியின் பரப்பு சுருங்கிவிட்டது. புல்வெளியாக இருந்த சரிவுகளில் கட்டடங்கள் எழுந்துள்ளன. ஆனால் அவர் அமர்ந்து பார்த்த அந்தக் காலைப் பொழுதின் பனி, சிறிய தாள் ஒன்றில் இன்றும் கலையாமல் நிற்கிறது. மலையேறும் முகில் எந்த மாநிலத்திலிருந்து எழுந்து எந்த மாநிலத்தில் பொழிகிறது என்று பார்ப்பதில்லை. அதை வரைந்தவரும் பார்க்கவில்லை. மைசூரில் பிறந்தவர் தமிழ் மலையை வரைந்தார். தமிழ் பேசும் குழந்தைகள் மைசூரில் வளர்கின்றனர். ஒரு நிலத்தை உற்றுப் பார்த்து அறிந்தவருக்கு அந்நிலம் அயலாக இருப்பதில்லை.

சொல்லும் பொருளும்

தூரிகை – ஓவியம் தீட்டும் கருவி
நிலக்காட்சி – மலை, வயல், நீர் முதலிய இயற்கைத் தோற்றம்
புடைப்புச் சிற்பம் – ஒரு தளத்திலிருந்து உருவம் எழுந்து நிற்குமாறு செய்யும் சிற்பம்
எற்பாடு – கதிரவன் மறையும் நேரம்
கூதிர் – குளிர்காலம்
இரங்கல் – வருந்துதல்
அயல் – உறவில்லாத வேறிடம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மைசூர் ஓவியத்துக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தொலைவில் உள்ள மலை நீலமாகவும் மூடுபனி வெண்மையாகவும் தெரிவது ஏன்?
3. நிலவொளியை வரைபவருக்கு நினைவாற்றல் வேண்டும் என்று கூறுவது ஏன்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தெளிவு இருந்தால்தான் மங்கல் பொருள் பெறும் என்னும் கருத்தைப் பாடத்தின் வழி விளக்குக.
2. வெங்கடப்பா வீணை கற்றது அவருடைய ஓவியத்துக்கு இழப்பா, ஆக்கமா? உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
மூடுபனி, நிலவொளி, முதற்பொருள், பெரும்பொழுது

ஈ. செய்து பார்ப்போம்.
நீங்கள் வாழும் ஊரில் ஒரு குன்றையோ, ஏரியையோ, மரத்தையோ தேர்ந்தெடுங்கள். மைசூருவில் வாழ்பவர்கள் சாமுண்டி மலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே இடத்தில் நின்று காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளிலும் அதைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாள், நேரம், வானின் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கண்ட நிறங்களை ஐந்து தொடர்களில் எழுதுங்கள். மகிழ்ச்சி, சோகம் என்னும் சொற்களைப் பயன்படுத்தாமல் எழுதுங்கள். எழுதியதை நண்பரிடம் படித்துக் காட்டி, எந்தப் பொழுதில் எந்த உணர்வு தோன்றியது என்று அவரையே கூறச் செய்யுங்கள்.